பதினாலு பிட்ச் தூரம்: குடும்பத்தோட டெனாலி போறவங்களுக்கு

(எங்க பாட்காஸ்ட் எபிசோடோட எழுத்து வடிவம் இது. படிக்க வசதியா சில இடங்களைச் சுருக்கியிருக்கோம். பேச்சு நடையை முடிஞ்ச வரைக்கும் அப்படியே விட்டிருக்கோம்.)



முதல்ல ஒரு சின்ன கணக்கு. கிரிக்கெட் பிட்ச் எவ்வளவு நீளம்? 22 கஜம். தெருவுல செங்கல்லை ஸ்டம்பா வெச்சு ஆடினவங்களுக்குக் கூட இது தெரியும். இப்போ அந்த மாதிரி பதினாலு பிட்சை வால் பிடிச்ச மாதிரி ஒண்ணு பின்னாடி ஒண்ணா போடுங்க. கிட்டத்தட்ட 300 கஜம் வரும், மீட்டர்ல சொன்னா 275. அலாஸ்காவுல இருக்கிற டெனாலி தேசியப் பூங்காவுல நீங்க நடந்து போகும்போது ஒரு கரடியைப் பார்த்தா, உங்களுக்கும் அதுக்கும் நடுவுல குறைஞ்சது அவ்வளவு இடைவெளி இருக்கணும். இது அறிவுரை இல்ல, பூங்காவோட சட்டம்.

"அவ்வளவு தூரத்துல நின்னா கரடி கடுகு மாதிரி தெரியுமே, இதுக்கா இவ்வளவு செலவு பண்ணிப் போறோம்?" இந்தக் கேள்வி எல்லாருக்கும் வரும். இன்னைக்கு எபிசோடே அந்தக் கேள்விக்கான பதில்தான்.

ஏன் இப்போ இந்த டாபிக்? நம்மள்ல நிறைய பேர் வீட்டுல நடக்கிற கதை இது. அமெரிக்காவுல அண்ணனோ அக்காவோ வேலை பார்க்கிறாங்க. கோடை லீவுக்கு அப்பா அம்மா அங்க போறாங்க. "நயாகரா பார்த்தாச்சு, அடுத்தது அலாஸ்கா"ன்னு யாரோ ஒருத்தர் ஆரம்பிச்சு வைப்பாங்க. திடீர்னு பாட்டி, தாத்தா, ஏழு வயசுப் பையன், கைக்குழந்தை எல்லாரும் சேர்ந்து கிரிஸ்லி கரடி நடமாடுற இடத்துக்குக் கிளம்பியாச்சு. வாட்ஸ்அப் குரூப்ல விவாதம் ஓடறதெல்லாம் ஸ்வெட்டர் எத்தனை எடுக்கணும்கிறதைப் பத்தி மட்டும்தான். மத்ததை நாம இங்க பேசிடலாம்.

இது என்ன மாதிரி இடம்?

டெனாலி ஏறக்குறைய 60 லட்சம் ஏக்கர். தமிழ்நாட்டுல அஞ்சுல ஒரு பங்கு நிலத்தை அப்படியே காடும் மலையுமா விட்டு வெச்சிருக்காங்கன்னு நினைச்சுக்கோங்க. நடுவுல வட அமெரிக்காவோட உயரமான சிகரம், 20,310 அடி. அந்தப் பக்கத்து கொயுகோன் மக்களோட மொழியில 'உயரமானது'ங்கிற பொருள்லதான் டெனாலிங்கிற பேரு வந்துச்சு. மலையோட அரசாங்கப் பேரு மெக்கின்லியா டெனாலியாங்கிறது அங்க அரசியல் சண்டை. 2015-ல டெனாலின்னு மாத்தினாங்க, 2025-ல மறுபடியும் மெக்கின்லின்னு மாத்தினாங்க. பூங்காவோட பேரு மட்டும் டெனாலியாவே இருக்கு.

ஆனா இந்தப் பூங்கா ஆரம்பிச்சது மலைக்காக இல்ல, ஆட்டுக்காக! டால் ஆடுன்னு ஒரு வகை வெள்ளைக் காட்டு ஆடு அங்க இருக்கு. சுரங்க ஊர்களுக்கும், ரயில் பாதை போடுற ஆட்களுக்கும் கறி விற்க வேட்டைக்காரங்க அதைக் கூட்டம் கூட்டமா சுட்டுக்கிட்டு இருந்தாங்க. சார்ல்ஸ் ஷெல்டன்னு ஒரு இயற்கை ஆர்வலர் அங்கயே தங்கியிருந்து இதைக் கவனிச்சார். அவர் விடாம முயற்சி பண்ணதோட பலனா 1917-ல பூங்கா உருவாச்சு.

ஒரே ஒரு ரோடு

இவ்வளவு பெரிய இடத்துக்குள்ள ஒரே ஒரு ரோடுதான். 92 மைல், அதாவது 148 கிலோமீட்டர். அதுல முதல் 15 மைலுக்கு மட்டும்தான் தார் போட்டிருக்கு. அது வரைக்கும் சொந்தக் கார்ல போகலாம். அதுக்கு மேல மண் ரோடு, கோடைக்காலத்துல பஸ்ஸுலதான் போகணும்.

இந்த பஸ் ஏற்பாடு 1972-ல வந்தது. அதுக்கு முந்தின வருஷம்தான் ஆங்கரேஜையும் ஃபேர்பேங்க்ஸையும் இணைக்கிற நெடுஞ்சாலை திறந்திருந்தது. இனிமே கார் கூட்டம் கூட்டமா வரும், ரோட்டோரம் வர்ற மிருகமெல்லாம் உள்ள ஓடிடும்னு பூங்கா நிர்வாகத்துக்குப் புரிஞ்சது. அதனால கார் வேண்டாம், பஸ் போதும்னு முடிவு பண்ணாங்க.

யோசிச்சுப் பாருங்க. ஒரே மாதிரி வண்டி, ஒரே ரோடு, ஒரே வேகம். யாரும் இறங்கித் துரத்தறது இல்ல, யாரும் சாப்பாடு தூக்கிப் போடறது இல்ல. ஒரு கரடியோட கண்ணுக்கு அந்த பஸ் எப்படித் தெரியும்? நகர்ற பாறை மாதிரி. அதனாலதான் சில நேரம் கரடியே ரோட்டுக்கு வந்து பஸ்ஸை ஒட்டி நடந்து போகும். நீங்க உள்ள உட்கார்ந்து, கையை வெளிய நீட்டாம, சத்தம் போடாம இருக்கிற வரைக்கும் அதுக்கு உங்க மேல அக்கறையே இல்ல. 300 கஜம் சட்டம் நடந்து போறவங்களுக்கு. கிட்டப் பார்க்கணுங்கிற ஆசைக்கு இருக்கிற ஒரே நியாயமான வழி பஸ் ஜன்னல்.

பஸ்ஸுல ரெண்டு வகை. டூர் பஸ்ஸுல விளக்கம் சொல்லிக்கிட்டே கூட்டிட்டுப் போய்த் திரும்பக் கொண்டு வந்து விட்டுடுவாங்க. டிரான்சிட் பஸ் நம்ம டவுன் பஸ் மாதிரி. நடுவுல எங்கயாவது இறங்கி நடந்துட்டு, பின்னாடி வர்ற இன்னொரு டிரான்சிட் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, இடம் இருந்தா ஏறிக்கலாம். நடக்கத் தெம்பு இருக்கிற குடும்பத்துக்கு டிரான்சிட், வயசானவங்க அதிகமா இருந்தா டூர். சின்னக் குழந்தைக்கு கார் சீட் நீங்கதான் எடுத்துட்டுப் போகணும், அதனால டிக்கெட் போடும்போதே அந்த விதியைப் பார்த்துடுங்க.

300 கஜம் எதுக்கு?

இங்க கொஞ்சம் நின்னு பேசுவோம். விஷயமே இதுலதான் இருக்கு.

அலாஸ்கா கரடின்னாலே ஆத்துல நின்னு சால்மன் மீனை வாயில பிடிக்கிற வீடியோதான் ஞாபகம் வரும். அது கடலோரக் கரடி. டெனாலி உள்நாடு. இங்க கரடிக்கு அந்த மாதிரி மீன் விருந்து கிடையாது. வசந்த காலத்துல கிழங்கு தோண்டும், அப்புறம் புல் மேயும், ஆகஸ்ட்ல பெர்ரி பழம். நடுநடுவுல தரை அணில், மூஸ் கன்னுக்குட்டி கிடைச்சா அது. பெரும்பாலும் சைவம்னே சொல்லலாம்! அதனாலதான் டெனாலி கிரிஸ்லி, கடலோரக் கரடியை விட ரொம்பச் சின்ன உருவம்.

இப்போ காலக் கணக்கைப் பாருங்க. வருஷத்துல பாதி நாள் அது குகைக்குள்ள தூங்குது. முழிச்சிருக்கிற அஞ்சாறு மாசத்துக்குள்ள, அடுத்த குளிர்காலம் முழுசுக்கும் தேவையான கொழுப்பை, இத்துனூண்டு பழத்தையும் கிழங்கையும் தின்னு சேர்க்கணும். குட்டி போடுற தாய்னா அந்தக் கொழுப்புலதான் பாலும் வரணும். ஒரு சரிவுல நிம்மதியா மேய்ஞ்சுக்கிட்டு இருக்கிற கரடியை நாம கிட்டப் போய் கலைச்சா, அது இன்னொரு சரிவுக்கு நடக்கணும். நமக்கு அது ஒரு போட்டோ, அதுக்கு ஒரு வேளைச் சோறு. ஒரு நாளைக்கு ஒருத்தர் பண்ணா தாங்கும், கோடை முழுக்க தினமும் பத்துப் பேர் பண்ணா?

ரெண்டாவது காரணம் இன்னும் முக்கியம். மனுஷன் கிட்ட வந்தும் ஒண்ணும் ஆகலைன்னா, கரடிக்கு மனுஷன் மேல இருக்கிற தயக்கம் போயிடும். அதோட ஒரு தடவை நம்ம சாப்பாடும் கிடைச்சிடுச்சுன்னா கதை முடிஞ்சுது. டென்ட்டுக்கும் பைக்கும் தேடி வர ஆரம்பிக்கும். அப்படிப் பழகின கரடியைக் கடைசியில சுட வேண்டிய நிலைமை வரும். அலாஸ்கா ரேஞ்சர்கள் திரும்பத் திரும்பச் சொல்றது இதுதான்: கரடிக்குச் சோறு போடறதும் அதைக் கொல்றதும் ஒண்ணு.

இதெல்லாம் தத்துவம் இல்ல. 2012 ஆகஸ்ட்ல டோக்லாட் ஆத்துப் பக்கம் தனியா நடந்து போன ஒருத்தரைக் கரடி கொன்னுடுச்சு. பூங்கா ஆரம்பிச்ச 1917-ல இருந்து அது வரைக்கும் அங்க கரடி தாக்கி ஒருத்தர் இறந்ததே இல்ல. அவரோட கேமராவை எடுத்துப் பார்த்தாங்க. சுமார் 60 கஜத்துல நின்னு, ஏழு நிமிஷத்துக்கும் மேல அதே கரடியைப் படம் எடுத்திருக்கார். முதல் படங்கள்ல அது பாட்டுக்கு மேய்ஞ்சுக்கிட்டு இருக்கு. 60 கஜம்னா மூணு பிட்ச் கூட இல்ல. அந்தக் கரடியையும் சுட்டுக் கொன்னாங்க. ரெண்டு உயிர். அந்த ஏழு நிமிஷத்துல எந்த நொடியிலயும் பின்வாங்கி வந்திருக்கலாம்கிறதுதான் மனசை உறுத்துது.

சரி, மத்த மிருகங்களுக்கு? மூஸ், கேரிபூ, டால் ஆடு, ஓநாய் எல்லாத்துக்கும் 25 கஜம். ஒரு பிட்சை விடக் கொஞ்சம் அதிகம். குழந்தைங்களுக்கு இதைச் சொல்லித் தர ஒரு சுலபமான வழி இருக்கு. கையை நேரா நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டை விரலை அந்த மிருகத்து மேல வைக்கச் சொல்லுங்க. விரல் மிருகத்தை முழுசா மறைச்சா தூரம் சரி. விரலுக்கு வெளிய காலோ கொம்போ தெரிஞ்சா பின்னாடி போகணும். குட்டீஸுக்கு இது விளையாட்டு மாதிரி. பெரியவங்க ஆர்வத்துல முன்னாடி போனா அவங்களே "தாத்தா, விரல் பத்தலை!"ன்னு கத்துவாங்க.

ஜன்னல் வழியா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பஸ்ஸுல ஏறினதும் வரிசையா மிருகம் வந்து நிக்காது. பல நேரம் ஒரு மணி நேரம் வெறும் மலைதான். அதைப் பார்க்கத் தெரிஞ்சவங்களுக்குப் பஸ் பயணம் போரே அடிக்காது.

முதல் விஷயம், மிருகத்தைத் தேடாதீங்க, புள்ளியைத் தேடுங்க. உயரமான பாறைச் சரிவுல வெள்ளைப் புள்ளி தெரிஞ்சு, அது கொஞ்ச நேரத்துல இடம் மாறினா டால் ஆடு. மாறலைன்னா பனி. ஆடு ஏன் அவ்வளவு உயரத்துல? செங்குத்துப் பாறையில ஓநாயால துரத்த முடியாது.

ஆத்துப் படுகையில, பனித்திட்டு மேல கும்பலா நிக்கிறது கேரிபூ, அதாவது காட்டு ரெய்ண்டீர். கோடையில பனி மேல போய் நிக்கிறது கொசுத் தொல்லை தாங்காம! மூஸ் முதல் 15 மைல் காட்டுப் பகுதியிலயும் குட்டை ஓரத்துலயும் கிடைக்கும். கடா மூஸ் 700 கிலோ வரைக்கும் வரும், ஆனா புதர்க்குள்ள நின்னா பத்து அடி தூரத்துல கூடத் தெரியாது. கரடி திறந்த டன்ட்ரா வெளியில. இங்க நிறைய கரடிக்கு வெளிர் நிறம், வைக்கோல் போர் மாதிரி இருக்கும். வைக்கோல் போர் தலையைத் தூக்கினா கரடி.

ஓநாய் கிடைச்சா அதிர்ஷ்டம். அந்த ஓநாய்க்கும் ஒரு கதை இருக்கு. ஒரு காலத்துல ஆட்டைக் காப்பாத்தறோம்னு பூங்காவுலயே ஓநாயைச் சுட்டாங்க. அடால்ஃப் முரிங்கிற உயிரியலாளர் 1939-ல இருந்து அங்க தங்கி ஆராய்ச்சி பண்ணி, 1944-ல அதைப் புத்தகமா வெளியிட்டார். ஆட்டோட மண்டை ஓடுகளைச் சேகரிச்சு வயசைப் பார்த்தப்போ, ஓநாய் பிடிக்கிறது பெரும்பாலும் குட்டி, கிழம், நோய் வந்த ஆடுன்னு தெரிஞ்சது. இதே முரிதான் பின்னாடி அந்த ரோட்டை அகலப்படுத்தக் கூடாதுன்னும் போராடினார். இன்னைக்கும் அது குறுகலான மண் ரோடா இருக்கிறதுக்கு அவரும் ஒரு காரணம்.

வீட்டுல இருக்கிற ஆளுக்கு ஒரு பகுதியைப் பிரிச்சுக் கொடுங்க. பாட்டி ஆத்துப் படுகை, அப்பா மலை உச்சி, பையன் ரோட்டோரம். ஏதாவது தெரிஞ்சா சத்தமா "ஸ்டாப்"னு சொல்லணும், டிரைவர் நிறுத்துவார். நின்னதும் எல்லாரும் வாயை மூடிக்கணும். 8 மடங்கு பெரிசாக்கிற பைனாகுலர் ரெண்டு பேருக்கு ஒண்ணாவது வேணும். ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டுப் போனா கரடியை விடப் பெரிய சண்டை பஸ்ஸுக்குள்ள நடக்கும்.

நடக்கப் போனா

நுழைவாயில் பக்கத்துல போட்ட பாதைகள் இருக்கு. குழந்தை, பெரியவங்களோட போறவங்களுக்கு 15-வது மைல்ல இருக்கிற சாவேஜ் ஆத்துச் சுற்றுப்பாதை நல்லது. மூணு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, பெரும்பாலும் சமதரை, மேல பார்த்தா ஆடு தெரிய வாய்ப்பு இருக்கு. அது வரைக்கும் இலவச பஸ்ஸும் ஓடுது. ஹார்ஸ்ஷூ ஏரிப் பாதையில போனா பீவர் பல்லால மரத்தை அறுத்துக் கட்டின அணையைப் பார்க்கலாம். மூச்சு வாங்க ஏறணும்னா மவுன்ட் ஹீலி. ஏறக்குறைய 500 மீட்டர் ஏத்தம், முழங்கால் வலிக்கிறவங்களுக்கு வேண்டாம்.

உள்ள போகப் போகப் பாதையே கிடையாது! இஷ்டப்பட்ட பக்கம் நடக்கலாம். இங்க நம்ம பழக்கத்துக்கு நேர் எதிரா ஒரு விதி: திறந்த டன்ட்ராவுல ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வரிசையா போகக் கூடாது, பரவி நடக்கணும். காரணம், அந்தச் செடியெல்லாம் விரல் உயரம்தான், அதுக்கே பல வருஷம் வளர்ந்திருக்கும். கேரிபூ தின்கிற பாசி வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். எட்டுப் பேர் ஒரே இடத்துல மிதிச்சா தடம் விழும், அடுத்து வர்றவங்க அதே தடத்துல போவாங்க, கொஞ்ச நாள்ல அது ரோடாயிடும். ஆனா புதர் அடர்ந்த இடம் வந்துட்டா எல்லாரும் ஒண்ணா சேர்ந்துடணும், குழந்தைங்க நடுவுல.

புதர்ல சத்தம் போட்டுக்கிட்டே நடக்கணும். கரடிக்கு மனுஷன் வர்றது முன்னாடியே தெரிஞ்சா பெரும்பாலும் அதுவே விலகிடும். திடீர்னு எதிர்ல போய் நின்னாதான் ஆபத்து. அங்க உள்ளவங்க "ஹே பேர்"னு கத்துவாங்க. நம்ம குடும்பத்துக்கு எதுக்கு அது? அந்தாக்ஷரி இருக்கே! மணி கட்டிக்கிட்டு நடக்கிறதை விட மனுஷக் குரல்தான் நல்லா வேலை செய்யும்.

ஆத்தை மட்டும் சாதாரணமா நினைக்காதீங்க. பனிப்பாறை உருகி வர்ற தண்ணி, கலங்கலா இருக்கும், ஆழம் தெரியாது, காலை வெச்சா மரத்துப் போகும். வெயில் ஏற ஏற உருகறது அதிகமாகி, சாயங்காலம் தண்ணி கூடிடும். காலையில தாண்டினதைச் சாயங்காலம் தாண்ட முடியாம போகலாம். குழந்தைங்களோட இருக்கும்போது தாண்டவே வேண்டாம். நுழைவாயிலை விட்டுச் சில மைல் தள்ளினாலே செல்போன் சிக்னல் போயிடும்கிறதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

எதிர்ல வந்துட்டா?

இதைக் கிளம்பறதுக்கு முந்தின நாள் ராத்திரி எல்லாரையும் உட்கார வெச்சு ஒரு தடவை சொல்லிடுங்க. ரெண்டு மிருகம், ரெண்டு வேற வேற விதி.

கரடின்னா ஓடவே கூடாது. அது மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல ஓடும், ஒலிம்பிக் வீரரே தோத்துடுவார். நாம ஓடினா இரைன்னு நினைச்சுத் துரத்தும். அது நம்மைப் பார்க்கலைன்னா சத்தமில்லாம விலகிடணும். பார்த்துட்டா, குழந்தையைத் தூக்கிக்கிட்டு, எல்லாரும் ஒட்டி நின்னு, கையை மேல தூக்கி ஆட்டி, அமைதியான குரல்ல பேசிக்கிட்டே மெதுவா பின்வாங்கணும். கிட்ட வந்தா அசையாம நிக்கணும். பல தடவை அது பாய்ஞ்சு வர்ற மாதிரி வந்து பாதியில நின்னுடும். கிரிஸ்லி உடம்பைத் தொட்டுட்டா குப்புறப் படுத்து, கைகளைக் கழுத்துக்குப் பின்னாடி கோர்த்து, செத்த மாதிரி கிடக்கணும். அப்பவும் விடாம தாக்கிக்கிட்டே இருந்தா எதிர்த்துப் போராடணும்.

மூஸ்னா நேர் எதிர். ஓடணும்! மரம், பாறை, கார், எது கிடைக்குதோ அதுக்குப் பின்னாடி போயிடணும். அது ரொம்ப தூரம் துரத்தாது. மே கடைசியிலயும் ஜூன்லயும் கன்னுக்குட்டியோட நிக்கிற தாய் மூஸ், பார்வையாளர் மையத்துப் பக்கத்துலயே இருக்கும். கரடிக்குப் பயந்து அதைப் பசு மாடு மாதிரி நினைச்சுடாதீங்க.

புளியோதரைப் பிரச்சினை

உள்ள ரோட்டுல கடை கிடையாது. தண்ணி, சாப்பாடு எல்லாம் நாமதான் கட்டிக்கணும். நம்ம ஆளுங்க புளியோதரை, தயிர் சாதம், முறுக்கு, ஊறுகாய் சகிதமா கிளம்பிடுவாங்க. கொண்டு போகலாம், தப்பே இல்ல. ஆனா கரடியோட மூக்கு நம்ம மூக்கை விடப் பல மடங்கு கூர்மை. நல்லெண்ணெய் வாசனைக்கு அது தூரத்துல இருந்தே தலையைத் தூக்கும்.

அதனால பஸ்ஸுக்குள்ளயே சாப்பிட்டுடுங்க. நடக்கப் போனா பையைக் கீழ வெச்சுட்டுப் போட்டோ எடுக்கப் போகாதீங்க. இலை, தோல், கீழ விழுந்த பருக்கை உட்பட எல்லாத்தையும் மூடின டப்பாவுல திரும்ப எடுத்துட்டு வரணும். முகாம்ல தங்கினா சாப்பாடு, டூத்பேஸ்ட், தேங்காய் எண்ணெய் எதுவும் டென்ட்டுக்குள்ள இருக்கக் கூடாது. உள்காட்டுல முகாம் போடுறவங்களுக்குக் கரடியால திறக்க முடியாத டப்பாவை 1980-கள்ல பூங்காவே கொடுக்க ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் கரடி சாப்பாட்டைத் திருடுற சம்பவங்கள் வெகுவா குறைஞ்சது. ஒரு டப்பா எத்தனையோ கரடியைக் காப்பாத்தியிருக்கு.

நேயர்கள் கேட்டவை

*எந்த மாசம் போகலாம்?* பஸ் ஓடறது மே கடைசி வாக்குல இருந்து செப்டம்பர் நடு வரைக்கும். ஜூன்ல ஏறக்குறைய 21 மணி நேரம் பகல். ராத்திரி பதினோரு மணிக்கும் வெளிச்சம் இருக்கும், குழந்தைங்க தூங்கவே தூங்காது, கண்ணை மறைக்கிற துணி எடுத்துக்கோங்க. ஜூன், ஜூலையில கொசு அதிகம், ஸ்கூல் லீவு இருக்கிறவங்க அதைப் பொறுத்துக்கணும். ஆகஸ்ட் கடைசியில கொசு குறையும், டன்ட்ரா சிவப்பா மாறும், கரடி பெர்ரி தின்ன வெளிய நிக்கும். எந்த மாசமா இருந்தாலும் குளிர், மழை, ஏன் பனி கூட விழலாம். ஜீன்ஸ் நனைஞ்சா காயாது, அதை விட்டுட்டு மெல்லிசா அடுக்கடுக்கா போட்டுக்கிற துணியா எடுங்க.

*மலை தெரியுமா?* கோடையில வர்றவங்கள்ல பத்துல மூணு பேருக்குத்தான் மலை தெரியுது. மத்த நேரம் மேகம் மூடியிருக்கும். ரெண்டு மூணு நாள் தங்கினா வாய்ப்பு கூடும். மலைக்காக மட்டும் போனீங்கன்னா மனசு கஷ்டப்படும்.

*பெப்பர் ஸ்ப்ரே மாதிரி ஏதோ கரடி ஸ்ப்ரேன்னு சொல்றாங்களே?* ஆமா, எடுத்துட்டுப் போகலாம். விமானத்துல எந்தப் பையிலயும் வைக்கக் கூடாது, அங்க போய்தான் வாங்கணும். முக்கியமா, அது கொசு மருந்து இல்ல! உடம்புலயோ டென்ட்லயோ அடிக்கக் கூடாது. கரடி சில மீட்டர் தூரத்துக்கு வந்தா அதோட முகத்தை நோக்கி அடிக்கிறது. பைக்குள்ள அடியில வெச்சா பிரயோஜனம் இல்ல, இடுப்புல இருக்கணும்.

*பெரிய மிருகம் எதுவுமே தெரியலைன்னா குழந்தைக்கு என்ன சொல்றது?* சின்ன மிருகத்தைக் காட்டுங்க. அங்க ஒரு தவளை இருக்கு, உட் ஃப்ராக்னு. அந்தப் பூங்காவுல இருக்கிற ஒரே நீர்நில வாழ்வி அதுதான். குளிர்காலத்துல அது பனிக்கட்டியா உறைஞ்சு போயிடும், இதயத் துடிப்பு நின்னுடும். வசந்தத்துல உருகி, மறுபடி துடிச்சு, குதிச்சு ஓடும். இதைக் கேட்ட ஏழு வயசுப் பையன் கரடியை மறந்துடுவான். இன்னொண்ணு, பூங்காவுல பனிச்சறுக்கு வண்டி இழுக்கிற நாய்கள் இருக்கு. குளிர்காலத்துல ரேஞ்சர்கள் நாய் வண்டியிலதான் ரோந்து போறாங்க. கோடையில இலவசமா பார்க்கலாம், தடவியும் பார்க்கலாம். அங்க 25 கஜம் விதி கிடையாது!

ரோடு ஏன் பாதியில நிக்குது?

டிக்கெட் போடும்போது உங்களுக்கே தெரியும், 92 மைல்ல பஸ் முழுசும் போகாம இருக்கலாம். 45-வது மைல் பக்கம் ப்ரிட்டி ராக்ஸ்னு ஒரு சரிவு. அங்க மண்ணுக்கடியில பல்லாயிரம் வருஷமா உறைஞ்சு கிடந்த நிலம், பெர்மாஃப்ராஸ்ட், உருகி நழுவ ஆரம்பிச்சது. 2014-க்கு முன்னாடி ரோடு வருஷத்துக்குச் சில அங்குலம் நகர்ந்துச்சு. 2017-ல மாசத்துக்குச் சில அங்குலம், 2018-ல வாரத்துக்கு, 2019-ல நாளுக்கு. 2021-ல ஒரு மணி நேரத்துக்கு அரை அங்குலத்துக்கும் மேல! லாரி லாரியா ஜல்லி கொட்டிப் பார்த்தாங்க, முடியலை. அந்த வருஷம் ஆகஸ்ட்ல 43-வது மைலோட ரோட்டை மூடிட்டாங்க. அப்புறம் சரிவைத் தாண்டி ஒரு பாலம் கட்டுற வேலையை ஆரம்பிச்சாங்க. நீங்க போற வருஷம் எது வரைக்கும் திறந்திருக்குன்னு பூங்காவோட இணையதளத்துல பார்த்துட்டு டிக்கெட் போடுங்க. 43 மைலுக்குள்ளயே எல்லா மிருகமும் இருக்கு, ஏமாற்றம் வேண்டாம். ஆனா காலநிலை மாற்றம்னா என்னன்னு பிள்ளைங்க கேட்டா, பாடப்புத்தகம் தேவையில்ல. அந்த ரோட்டைக் காட்டினா போதும்.

கடைசியா

மசினகுடி ரோட்டுல யானையைப் பார்த்ததும் காரை நிறுத்திட்டு இறங்குறவங்களை நாம எல்லாரும் பார்த்திருக்கோம். கிட்டப் போனாதான் பார்த்த மாதிரிங்கிற எண்ணம் நமக்குள்ள ஊறிப் போயிருக்கு. டெனாலி அதைத் திருத்துற இடம். அந்தக் கரடி 300 கஜத்துக்கு அந்தப் பக்கம், நாம இருக்கிறதே தெரியாம, குட்டிக்குக் கிழங்கு தோண்டக் காட்டிக் கொடுக்கிறதை அரை மணி நேரம் பைனாகுலர்ல பாருங்க. கிட்டப் போயிருந்தா அதை நீங்க பார்த்திருக்கவே முடியாது. அது தலையைத் தூக்கி உங்களைப் பார்த்திருக்கும், அவ்வளவுதான்.

இந்த வருஷம் யார் வீட்டுல அலாஸ்கா பேச்சு ஓடுதோ, அவங்க குடும்ப குரூப்புக்கு இந்த எபிசோடை அனுப்பி விடுங்க. ஸ்வெட்டர் விவாதம் முடிஞ்சதும் கேட்கட்டும். அடுத்த எபிசோடுல பார்க்கலாம்!